விருப்பத்தின் பேரில்

ஆல்டர் ரிவர்,
18 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

லெம்பி எழுதுகிறேன். எனக்கும் என் வீட்டுக்காரன் ரெய்னோவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறாராமே, நான் திட்டினேன் என்று சொல்.

எனக்கு வேலை போய்விட்டது அக்கா. சுற்றி வளைத்து எழுத வரவில்லை. வெள்ளிக்கிழமை போயிற்று. பதினான்கு வருஷம்.

காலையில் ஆலை மேஸ்திரி டுப்ரே வந்து மரம் அறுக்கும் ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றச் சொன்னான். "கவர் போட்டா மணிக்கு முப்பது மரச்சட்டம் கொறையுது. கழட்டிட்டு ஓட்டு" என்றான். போன வருஷம் அந்த ரம்பத்தில்தானே எல்மாவின் இரண்டு விரல் போயிற்று. "கவர் இல்லாம ஓட்டக்கூடாதுன்னு கம்பெனி குடுத்த பச்சப் புத்தகத்துல போட்டிருக்கே" என்றேன். "நீ என்ன பாதிரியாரா, எதுக்கெடுத்தாலும் புத்தகத்தத் தூக்கிட்டு வர?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரியாகப் பதினோரு மணிக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டு, "இன்னையோட போதும் லெம்பி" என்கிறான். என்ன காரணம் என்றேன். "காரணம் சொல்லணும்னு கட்டாயமில்ல."

அப்புறம் ஒரு கட்டுக் காகிதம் நீட்டினார்கள். அலமாரிச் சாவி, ஏப்ரன், காப்பீடு, எல்லாவற்றுக்கும் கையெழுத்து. நடுவில் சின்னதாக ஒரு சீட்டு. பச்சைப் புத்தகத்துக்குப் பதிலாக வந்த புதுச் சாம்பல் நிறக் கையேட்டைப் பெற்றுக்கொண்டதற்கு உள்ளது. ஜனவரியில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். படித்துவிட்டுத் தருகிறேன் என்று நான் அப்போது வாங்கி வைத்தேன், பிறகு யாரும் கேட்கவில்லை. அதே சீட்டுதான். 'இக்கம்பெனியில் என் வேலை விருப்பத்தின் பேரிலானது என்பதை அறிவேன்' என்று போட்டிருந்தது. யாருடைய விருப்பம் என்று இல்லை. என்னுடையது என்று நான் எடுத்துக்கொண்டேன் அக்கா. துரத்தவும் துரத்திவிட்டு, நானாக விருப்பப்பட்டுப் போகிறேன் என்று எழுதியும் வாங்குகிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே போட்டுத் தொலைத்தேன். தேதி போடும் இடத்தை அவர்கள் காட்டவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை.

பச்சைப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில், சோதனைக் காலம் முடிந்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நீக்க மாட்டோம் என்று இருக்கிறது. நீ தலைமை ஆபீசில் இருக்கிறாய், இந்தக் காகிதமெல்லாம் உன் கை வழியாகத்தான் போகிறது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எழுது. போன் பண்ணாதே. மூன்று வீட்டுக்கு ஒரே லைன், அதில் ஒரு வீடு டுப்ரேயுடையது. ரிசீவரை எடுத்தாலே அவன் பெண்டாட்டி மூச்சு விடுவது கேட்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் அந்த ஆலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

உன் தங்கை,
லெம்பி


கிராண்ட் ராபிட்ஸ்,
26 மார்ச் 1984

அன்புள்ள லெம்பிக்கு,

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உன் அத்தான் வால்ட்டர் பரவாயில்லை. இங்கே பனி கரைந்துவிட்டது. வழக்கம்போல மதிய இடைவேளையில் ஆபீஸ் மெஷினில் அடிக்கிறேன். என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, கோழிக் கிறுக்கல்.

விருப்பம் என்றால் இரண்டு பக்க விருப்பமும் என்று இங்கே சொல்கிறார்கள். உனக்குப் பிடிக்காவிட்டால் நீ போகலாம். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அவர்கள் அனுப்பலாம். நாடு முழுக்க இதுதான் வழக்கம். வக்கீல் வீட்டு வாசலை மிதிக்காதே. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஆள் எடுக்கிறார்களாம், போய்க் கேள்.

அந்தச் சீட்டில் எந்த நாள் கையெழுத்துப் போட்டாய் என்று வேறு யாரிடமாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் போகட்டும். இனிமேல் சொல்லாதே.

வேலை கூப்பிடுகிறது.

தைமி


ஆல்டர் ரிவர்,
9 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சளியைத் தவிர வேறு குறையில்லை. அத்தானுக்கு ஏலக்காய் ரொட்டி ஒன்று சுட்டு அனுப்பியிருக்கிறேன். வழியில் காய்ந்துபோயிருந்தால் காபியில் தோய்த்துச் சாப்பிடச் சொல்.

உன் பேச்சைக் கேட்கவில்லை. வக்கீலிடம் போனேன். பெர்டோனி என்று ஒருவர். நாற்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பையில் மை ஒழுகிய கறை. ரெய்னோ வாசலிலேயே, "இவரு பேனாவையே காப்பாத்தலையே, உன்னை எப்படிக் காப்பாத்துவாரு?" என்றான்.

ஆனால் மனுஷர் பொறுமையாகச் சொன்னார். "இந்த நாட்டுல ஒருத்தர நல்ல காரணத்துக்கும் அனுப்பலாம், கெட்ட காரணத்துக்கும் அனுப்பலாம், காரணமே இல்லாமலும் அனுப்பலாம். ஆனா கோர்ட்டுங்க சில விதிவிலக்கு வச்சிருக்கு. காரணம் இல்லாம அனுப்ப மாட்டோம்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருந்தா, அது வாக்கு. மீற முடியாது. அப்புறம், சட்டத்துக்கு விரோதமா ஒண்ணச் செய்யச் சொல்லி, மாட்டேன்னு சொன்னவங்கள அதுக்காக அனுப்பினா, அதுவும் செல்லாது." மூடி விஷயத்துக்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். சிரித்தவர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருத்தரும் வாய் திறக்கப் போவதில்லை. எல்மாவே திறக்க மாட்டாள், அவளுக்கு இன்னும் எட்டு விரல் பாக்கி இருக்கிறது, வீட்டில் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே பச்சைப் புத்தகம்தான் கதி.

சீட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "அனுப்பினதுக்கு அப்புறம் வாங்கின கையெழுத்துதானே? அது வெறும் காகிதம்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
லெம்பி


ஆல்டர் ரிவர்,
14 மே 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நல்லதோ கெட்டதோ இரண்டு வார்த்தை எழுதிப் போடு.

பெர்டோனி போட்ட வழக்குக்குக் கம்பெனி பதில் கொடுத்திருக்கிறது. என் சீட்டின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். கீழே என் கையெழுத்து, அதன் பக்கத்தில் தட்டச்சில் 'ஜனவரி 9, 1984'. நான் போட்டது மார்ச் பதினாறு. ஜனவரியிலேயே நான் ஒத்துக்கொண்டேன் என்றால் பச்சைப் புத்தகம் அன்றைக்கே காலாவதி. பெர்டோனி பச்சைப் புத்தகத்தை மூடி வைத்தார். "இந்தத் தேதி நிக்கிற வரைக்கும் உங்க கேஸ் நிக்காது லெம்பி" என்றார். அப்புறம், கோபிக்காதீங்க என்று சொல்லிவிட்டு, "நல்லா யோசிச்சுப் பாருங்க, ஜனவரியிலேயே போட்டுட்டு மறந்திருப்பீங்களோ?" என்று கேட்டார்.

வக்கீலே கேட்கிறார் அக்கா. வீட்டுக்கு வந்து அலமாரியெல்லாம் கொட்டித் தேடினேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியாது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அந்த வெள்ளிக்கிழமை, அந்த மேஜை, அந்தப் பேனா எல்லாம் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் ராத்திரி படுத்தால் சந்தேகம் வருகிறது.

அங்கே யார் இந்தத் தேதிகளைப் போடுகிறார்கள் என்று மெதுவாக விசாரிக்க முடியுமா?

லெம்பி


கிராண்ட் ராபிட்ஸ்,
4 ஜூன் 1984

அன்புள்ள லெம்பிக்கு,

வால்ட்டர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டில்தான். ரொட்டி நன்றாக இருந்தது என்றார்.

தேதி விஷயம். இத்தனை பேருடைய சீட்டில் எந்த ஒன்றை யார் பார்த்தார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்? நீயும் ஜனவரியிலேயே போட்டுவிட்டு மறந்திருக்கலாம் அல்லவா? நமக்கும் வயதாகிறது. போன கிறிஸ்துமசுக்கு எனக்கு ஒரே வாழ்த்தட்டையை இரண்டு முறை அனுப்பினாயே. வழக்கை விட்டுவிடு லெம்பி. உடம்பைப் பார்த்துக்கொள்.

தைமி


ஆல்டர் ரிவர்,
17 ஜூன் 1984

அக்காவுக்கு,

இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அங்கே அத்தானுக்குச் சௌகரியம் என்று நம்புகிறேன்.

இனிமேல் எனக்குக் கையால் எழுது. கோழிக் கிறுக்கலானாலும் நான் படித்துக்கொள்வேன். மெஷின் எழுத்து வேண்டாம். உன் மெஷினில் ஒன்பது மட்டும் வரியில் உட்காராமல் எம்பி நிற்கிறது. நீ அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் வருஷத்தில் அப்படித்தான் நிற்கிறது. கம்பெனி அனுப்பிய சீட்டிலும் அப்படித்தான். இரண்டு இடத்தில், ஒரே மாதிரி.

சனிக்கிழமை சானா நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டினோம். உன்னுடைய கடிதங்கள் பதினேழும் அதில் போய்விட்டன. ரெய்னோ பார்த்துவிட்டு, "என்னடி, அக்கா கடுதாசியவா எரிக்கிற?" என்றான். "சூடு பத்தல" என்றேன். அவன் இன்னொரு விறகை எடுத்து உள்ளே போட்டான்.

பெர்டோனியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

லெம்பி


கிராண்ட் ராபிட்ஸ்,
8 ஜூலை 1984

என் லெம்பிக்கு,

நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. இதோடு நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான்தான் போட்டேன்.

மார்ச் இருபதாம் தேதி ப்ரூயிட் ஒரு உறையோடு வந்தார். அவர்தான் எங்கள் பணியாளர் பிரிவு மேலாளர். ஒரே ஒரு சீட்டு. "ஜனவரிக் கட்டுல இது விட்டுப்போச்சு மிஸஸ் பிராண்ட். மத்ததெல்லாம் எந்தத் தேதியோ அதையே அடிச்சிடுங்க" என்று நாற்காலிக்குப் பின்னால் நின்றார். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? கண்ணில் பட்டதும், நீ எப்போதும் போலத் தாமதமாகக் கொடுத்திருக்கிறாய் என்று சிரிப்புக்கூட வந்தது. அடித்துவிட்டேன். அப்போது உனக்கு வேலை போனது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. மேஜையில் பிரித்துப் படித்தேன். படித்ததும் மடித்துக் கைப்பைக்குள் ஒளித்தேன்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். பயம் லெம்பி. வால்ட்டருடைய ஆக்ஸிஜன், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் என் வேலையோடு ஒட்டிய காப்பீட்டில்தான் ஓடுகிறது. எனக்கு ஐம்பத்தேழு. வாயைத் திறந்தால் அன்று மாலையே என்னையும் அனுப்பலாம். எனக்குப் பச்சைப் புத்தகமும் கிடையாது. ஆபீஸ்காரர்களுக்கு அதை ஒரு நாளும் தந்ததில்லை. நீ என் தங்கை என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. நீ ஆலையில் சேர்ந்தபோதே சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

போன வாரம் ப்ரூயிட் ஒரு பிரமாணப் பத்திரம் கொண்டுவந்தார். 'சீட்டுகள் அனைத்தும் ஜனவரியில் வந்தவுடன் தேதியிடப்பட்டன' என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். படித்துப் பார்க்கிறேன் என்றேன். "படிக்க என்னங்க இருக்கு? நாலு வரி" என்று சிரித்தார். தினமும் காலையில், "படிச்சாச்சா?" என்கிறார். பொதுவாகச் சிரிக்காத மனுஷர். லிப்டில் அவரோடு தனியாக ஏறுவதற்குப் பயந்து படியில் ஏறுகிறேன்.

நீ மறந்திருப்பாய் என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் எனக்கே என்னைச் சகிக்கவில்லை.

தைமி


ஆல்டர் ரிவர்,
22 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து உண்மையிலேயே மோசம். அத்தானைப் பற்றி எழுதவில்லையே, எப்படி இருக்கிறார்?

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். தேதி அடித்ததற்கு இல்லை. எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நானே பயந்து கிடந்தபோது நீயும் ஆமாம் என்றாயே, அதற்கு. ஒரு மாதம் உன் பெயரைச் சொன்னாலே நெஞ்சு எரிந்தது. ரெய்னோ உன்னைத் திட்டினான், அப்போது அவனையும் திட்டினேன். இப்போது எழுதிவிட்டேன், போகட்டும்.

ஒரு செய்தி. தேதி போட்டது யார் என்று பெர்டோனி கம்பெனியைக் கேட்டிருந்தார். அவர்களே உன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் பன்னிரண்டு அன்று உன்னைச் சத்தியப் பிரமாணம் எடுக்கவைத்து விசாரிக்கப் போகிறார். அங்கே வந்துதான். 'மிஸஸ் பிராண்ட்' யாரென்று அவருக்குத் தெரியாது. என் எதிரே உட்கார்ந்து, "இந்தப் பொம்பள ஒருத்திதான் நமக்குக் குறுக்க நிக்கிறா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கை வாபஸ் வாங்கட்டுமா? ஒரு வார்த்தை எழுது, வாங்கிவிடுகிறேன். நீ உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பொய் சொல்லவும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் சலவையில் வாரம் மூன்று நாள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பட்டினி இல்லை.

உன் தங்கை,
லெம்பி


கிராண்ட் ராபிட்ஸ்,
20 செப்டம்பர் 1984

என் லெம்பிக்கு,

நீ கேட்ட ஒரு வார்த்தையை நான் எழுதவே இல்லை. எழுதவும் தெரியவில்லை, எழுதாமலிருக்கவும் முடியவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, கேள்.

அந்தப் பிரமாணப் பத்திரத்தில் நான் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் கம்பெனி வக்கீல் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "ஜனவரியில வந்துச்சு, ஜனவரியில அடிச்சேன். அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்டா ஞாபகமில்லைன்னு சொல்லுங்க." ப்ரூயிட் கதவோரம் நின்று, "வால்ட்டர் எப்படி இருக்காரு மிஸஸ் பிராண்ட்?" என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

புதன்கிழமை வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். சுருக்கெழுத்துக்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள். ஞாபகமில்லை என்று சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன் லெம்பி. உன்னிடம் மறைக்க மாட்டேன், அப்படித்தான் போயிருந்தேன். பெர்டோனி சீட்டை முன்னால் வைத்தார். "இத எப்ப அடிச்சீங்க?" உன் கையெழுத்து எதிரே கிடந்தது. "மார்ச் இருபது" என்று சொல்லிவிட்டேன். பெர்டோனிக்கே தான் கேட்டது சரியா என்று தெரியவில்லை. "எந்த மாசம்னு சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

அப்புறம் கம்பெனி வக்கீலின் முறை. "கையெழுத்துப் போட்டவங்கள உங்களுக்குத் தெரியுமா?" "என் தங்கச்சி." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தங்கச்சிக்காகச் சொல்றீங்க." எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "தங்கச்சிக்காகச் சொல்றதா இருந்தா மார்ச்சுலயே சொல்லிருப்பேன். ஆறு மாசம் அவ தவிக்கிறதப் பாத்துக்கிட்டு உங்களுக்காகச் சும்மா இருந்தேன்" என்றேன். அழுகையும் வந்துவிட்டது. அசிங்கமாக அழுதேன்.

மறுநாள் காலை என் மேஜை சுத்தமாக இருந்தது. மெஷினைக்கூட எடுத்துவிட்டார்கள். ப்ரூயிட், "உங்க சேவை இனி தேவையில்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன். "காரணம் சொல்லணும்னு கட்டாயமில்ல" என்றார். உன் கடிதத்தில் படித்த அதே வாக்கியம்.

வால்ட்டரிடம் சொல்லவில்லை. தினமும் ஏழரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஐந்தரைக்கு வருகிறேன். இதுவும் அங்கிருந்துதான் எழுதுகிறேன். காப்பீடு இந்த மாதக் கடைசி வரைதான். "ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று அவர் கேட்கும்போது ஏதாவது கதை சொல்கிறேன். கதவு தட்டினால் நானே ஓடிப்போய்த் திறக்கிறேன், கம்பெனி ஆள் வந்து அவரிடம் சொல்லிவிடுவானோ என்று.

தைமி


ஆல்டர் ரிவர்,
27 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். ரெய்னோ இரண்டாம் முறை சத்தமாகப் படிக்கச் சொன்னான். படித்து முடித்ததும், "உங்க அக்காள நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான். அவன் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

உடனே பெர்டோனியிடம் ஓடினேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். முன்பு சொன்னாரே, சட்ட விரோதமாக ஒன்றைச் செய்ய மாட்டேன் என்றதற்காக அனுப்பினால் செல்லாது என்று. சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்வதுதான் அதில் முதல் குற்றமாம். "உங்க அக்காகிட்ட எந்தப் புத்தகமும் இருக்க வேண்டாம். பொய் சொல்ல மாட்டேன்னதுக்காக ஒருத்தர அனுப்புற உரிமை எவனுக்கும் கிடையாது. அவங்க கேஸ் உங்க கேஸவிடப் பலம்" என்றார். ஆனால் வருஷக்கணக்கில் ஆகலாம், ஜெயிப்போம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன் என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அங்கே அவருடைய சிநேகிதி ஒரு வக்கீல் இருக்கிறாள், விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

இன்னொன்று. கம்பெனி அந்தச் சீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அக்டோபர் எட்டு, திங்கட்கிழமை, பழைய வேலைக்கே வரலாமாம். பச்சைப் புத்தகத்தின்படி. அதே ரம்பம், அதே டுப்ரே. எங்கக்காவ எடுத்தாத்தான் நானும் வருவேன் என்று பெர்டோனியிடம் சொல்லிவிட்டேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும். உன்னை வெளியே தள்ளிவிட்டு நான் உள்ளே போய் நிற்பதா?

அத்தானிடம் சொல்லிவிடு. அதை மட்டும் உனக்காக வேறு யாரும் சொல்ல முடியாது.

உன் தங்கை,
லெம்பி


கிராண்ட் ராபிட்ஸ்,
2 அக்டோபர் 1984

என் லெம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். இன்றைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து காபி ஊற்றியதும் சொன்னேன். வால்ட்டர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "தெரியும். சாயங்காலம் வந்தா உன் வெரல்ல கார்பன் மை இருக்கும். ரெண்டு வாரமா வெரல் சுத்தமா இருக்கு" என்றார். தெரிந்துகொண்டேதான் ஆபீஸ் கதையெல்லாம் கேட்டிருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். "அந்த ஒரு பொய்யச் சொல்லிருந்தா வேல இருந்திருக்குமா?" என்றார். இருந்திருக்கும் என்றேன். மூக்கில் குழாயைச் சரிசெய்துகொண்டார். அப்புறம், "எனக்குப் பயமா இருக்கு தைமி" என்றார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. எனக்கும் என்றேன். காபி ஆறிப்போயிற்று. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

அந்தப் பெண் வக்கீலை நேற்றுப் பார்த்தேன். வழக்குப் போடுகிறாள். அதுவரை பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் கேட்டிருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். முட்டாளே, உனக்கு எத்தனை வயது? என்னை எடுத்தால்தான் வருவாயாம். அந்தத் தேதி பொய் என்று நான் வாயால் சொன்னது நீ வாசலுக்கு வெளியே நிற்பதற்காகவா? நீ போகாவிட்டால் ப்ரூயிட்டுக்கு இரண்டு பேரும் தொலைந்த கணக்கு. டுப்ரே திரும்பவும் மூடியைக் கழற்றச் சொல்வான், கட்டாயம் சொல்வான். அப்போது மாட்டேன் என்று சொல்ல அங்கே ஒருத்தி நிற்க வேண்டும். சிரித்த அந்த எட்டுப் பேரும் பார்க்க வேண்டும், முடியாது என்று சொன்னவள் திரும்பி வந்திருக்கிறாள் என்று.

பயமாக இருக்கும். எனக்கு இந்த நிமிஷமும் இருக்கிறது, பேனா எப்படி ஓடுகிறது என்று பார். பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்காதே. அது போகாது, நான் ஆறு மாதம் காத்துப் பார்த்துவிட்டேன். பயத்தோடேயே கிளம்பு. திங்கட்கிழமை ஏழு மணிக்கு ரம்பத்துக்கு எதிரே நில்.

போய்விட்டு வந்து எழுது. கையால்.

அக்கா,
தைமி